துணையின்மைக்கு முப்பது மதிப்பெண்

நான் படகிலிருந்து இறங்கியபோது மாரியம்மன் கோயில் வாசலில் பூமயில் அக்காவை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கலவரம் ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் நிற்பதுபோல் வரிசையில் நின்று, முறை வந்ததும் அடித்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அடுத்து வந்த பெண் ஈரக் கயிற்றை நான்காக மடித்து முதுகில் வீசினாள். அதற்கடுத்தவர் எழுபது வயதுக்காரர். செருப்பைக் கழற்றி அடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி காலில் மாட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஒரு பெண் குனிந்து, அக்காவின் இடது மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்து, "எழுவத்திரெண்டு... எழுவத்திரெண்டுதான்" என்று கத்தினாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. அக்காவின் உதடு கிழிந்து, ரத்தம் ரவிக்கைக் கழுத்துவரை இறங்கியிருந்தது.

அந்தப் பட்டை என்னுடையது. நான் கண்டுபிடித்தது என்று சொன்னால் பொறியாளர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குள் ஓடும் சூத்திரம் என்னுடையது.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் வந்த புயலில் இந்தக் கரையில் செத்தவர்களை நான் ஒவ்வொருவராக எடுத்துப் படித்தேன். முனைவர் பட்டத்துக்காகத்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் பரம ஏழைகளும் இல்லை, தள்ளாத கிழவர்களும் இல்லை. தண்ணீர் ஏறுகிறது, வெளியே வா என்று கதவைத் தட்ட ஆள் இல்லாதவர்கள். அந்த ஒரு வரிக்காக எனக்கு டாக்டர் தமயந்தி என்ற பெயர்ப்பலகை கிடைத்தது, மூன்று நாடுகளில் பொன்னாடை கிடைத்தது. பிறகு கடலே ஊர்களுக்குள் நுழைய ஆரம்பித்தபோது, யாரை முதலில் மேட்டுக்குடியிருப்புக்கு மாற்றுவது என்று அரசாங்கம் எங்கள் மையத்தைக் கேட்டது. நூறு மதிப்பெண்ணில் வீடு, உடம்பு, பிழைப்பு மூன்றுக்கும் சேர்த்து எழுபது வைத்தோம். மீதி முப்பதைத் துணையின்மைக்கு வைத்தவள் நான். 

அந்த முப்பதை, குடும்பத்தில் ஒருவர் கையில் கட்டும் பட்டையே கண்டுபிடித்துவிடும். யார் பக்கத்தில் வருகிறார்கள், வந்தால் நாடி அடங்குகிறதா, துள்ளுகிறதா என்று பார்க்கும். அடங்கினால் துணை இருக்கிறது, மதிப்பெண் குறையும். துள்ளினால் ஏறும். மாதக் கடைசி நாள் நான்கு மணிக்கு எழுபத்தெட்டைத் தொட்டிருக்கும் குடும்பம் அந்த மாதப் பட்டியலில். எந்த எம்.எல்.ஏ.வின் கடிதமும் அதில் நுழைய முடியாது, எந்த அதிகாரியும் திருத்த முடியாது. இதற்காக மூன்று வருடம் சண்டை போட்டேன். மனிதக் கை படாத எண் என்று எத்தனை மேடையில் பீற்றிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

சின்னமணல்துறைத் தலைவர் தில்லைக்கண்ணு முந்தின நாள் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "டீச்சரம்மா, பூமயிலு நம்பரு ஏற மாட்டேங்குது. ஒரு நட வந்துட்டுப் போங்க." பட்டை பழுது என்று நினைத்து, சரிபார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சாலை மூழ்கிப் போனதால் படகு. பூமயில் அக்கா என்றதும் வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படிக்கிற காலத்தில் எட்டு மாதம் அவள் வீட்டில் தங்கியிருக்கிறேன். டைபாய்டில் படுத்தபோது பத்தொன்பது நாள் கஞ்சி ஊட்டியவள் அவள். சொந்த அக்காகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

"டேய், விடுங்கடா!" என்று கத்திக்கொண்டு ஓடி, கூட்டத்தைப் பிளந்து, அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அய்யய்யோ, அறுவத்தெட்டு!" என்றாள் எண் வாசிக்கிறவள்.

அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்த ஓலத்தைச் சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன். யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். "தொடாதீங்க டீச்சரம்மா! ரெண்டு நாளா அடிச்சு ஏத்துனது!"

அக்காவே என்னைத் தள்ளினாள். கிழிந்த உதட்டோடு சிரித்தாள். "தங்கச்சி, தள்ளிப் போடா கண்ணு. ஒன் கை பட்டா எறங்குது."

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பைபர் படகின் நிழலுக்குத் தில்லைக்கண்ணு என்னை இழுத்துப் போனார். ஆறடி ஆள், நரைத்த மீசை. ஊரில் யாரும் அவர் பேச்சைத் தாண்டுவதில்லை. கோபத்தில் அவரை வாடா போடா என்று பேசிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"பேசி முடிச்சிட்டீங்களா? இப்ப நான் சொல்றேன்" என்றார். "எங்க ஊர்ல தள்ளி வைக்கிற பழக்கம் ஒங்களுக்குத் தெரியும். நீங்களே பொஸ்தகத்துல எழுதுனீங்க."

தெரியும். கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தைப் பஞ்சாயத்து தள்ளி வைக்கும். யாரும் பேசக்கூடாது, நெருப்போ தண்ணீரோ கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது.

"போன வருசம் நம்ம ஊர்ல ஒருத்தன திருட்டுக்காகத் தள்ளி வச்சோம். மறு மாசமே அவனுக்கு மேட்டுல வூடு வந்துடுச்சு. நியாயமா நடந்தவன்லாம் தண்ணியில கெடக்கான், திருடன் மேட்டுல. அப்பதான் எங்களுக்கு வெளங்குச்சு. ஆளத் தள்ளி வச்சா நம்பரு ஏறுது. அப்புறம் பஞ்சாயத்துல ஒக்காந்து முடிவெடுத்தோம். முடியாதவுக மொதல்ல. மாசத்துக்கு ரெண்டு குடும்பத்தத் தள்ளி வச்சு அனுப்பிடுறது."

"குற்றமே செய்யாதவர்களையா?"

"பின்ன? அவுங்களக் காப்பாத்தத்தான?" என்றார். "ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டோம். தள்ளி வச்ச வூட்டுக்குக் கொல்லப் பக்கமா கொழம்பு குடுக்கறது எங்க ஊரு வழக்கம். கட்டளை போட்ட எம் பொண்டாட்டியே குடுப்பா. வேலிக்கு மேல கிண்ணத்த நீட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவா. அத நிறுத்த யாராலயும் ஆவல. ஒங்க பட்ட அதயும் புடிச்சிடுச்சு."

"அதனால் அடிக்க ஆரம்பித்தீர்கள்."

"மொதல்ல வசவுதான். ரெண்டு மாசம் வேல செஞ்சுது. அப்புறம் அறை. அதுவும் பழகிப்போச்சு. ஆவணியில வீரப்பிள்ளைய அவன் தம்பியே மூங்கிக் கம்பால குத்துனான். ஒரு கண்ணு போயிடுச்சு. நம்பரு எம்பத்தஞ்சு. இன்னிக்கி அவன் புள்ளகுட்டியோட மேட்டுல இருக்கான். இருபத்திமூணு குடும்பம் டீச்சரம்மா. ஒரு ஆளு மூழ்கிச் சாவல."

அவர் குரலில் பெருமை இருந்தது. எங்கள் மையத்தின் ஆண்டறிக்கையில் சின்னமணல்துறையை நானே பாராட்டி எழுதியிருக்கிறேன். துணையற்றவர்களைச் சரியாக அடையாளம் கண்ட கிராமம் என்று. மருத்துவமனைக் குறிப்புகளில் எலும்பு முறிவு கூடியிருந்ததும் என் மேசைக்கு வந்தது. அதையும் நலிவின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவள் இல்லையா!

கோயில் பந்தல் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் பூமயில் அக்காவின் புருஷன் ராமஜெயம் அத்தான். விசைப்படகில் வலை இழுக்கும் வின்சில் சிக்கி இடுப்பு நசுங்கி ஆறு வருடமாயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அக்கா அடிபடுவதைப் பார்க்கக்கூடாது என்று அவர் முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். போன பௌர்ணமிக்கு வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் உயரம் வந்து, அவரைக் கட்டிலோடு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு ஒன்பது நாள். மழைக்காலத்து அமாவாசை, அதைவிட மேலே ஏறும். இந்த மாதப் பட்டியல் தவறினால் அவர் மூழ்குவார். அவரை விட்டுவிட்டு அவள் வெளியே வரமாட்டாள். இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் இப்போதே என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றேன்.

"ஊர விட்டுப் போனா பதிவு ரத்து. அதுவும் ஒங்க சட்டந்தான். அவகிட்டயே கேட்டுப் பாத்துட்டோம். ஒரு மாசம் வச்சிருப்பீங்க, ஒரு வருசம் வச்சிருப்பீங்க. அப்புறம் அந்த ஆளத் தூக்கிக்கிட்டு அவ எந்த ரோட்டுல நிப்பா?"

மாதக் கடைசி நாள், மணி மூன்று ஐந்து. மையத்தின் தலைவர் பேராசிரியர் ஹரிகிருஷ்ணனை அழைத்தேன். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அடிக்கிறாங்களா? போலீஸுக்குச் சொல்லுங்க தமயந்தி."

"போலீஸ் வந்தால் அவளுக்குத் துணை வந்ததாகப் பட்டை எடுத்துக்கொள்ளும் சார். எண் விழும். எனக்குப் பத்து மதிப்பெண் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மட்டும். கையால் போட்டுவிடுங்கள்."

"கையால போட வழியே இல்லாம பண்ணினது நீங்கதானே. மூணு சாவி, மூணு கமிட்டி. கேட்டா ஆறு மாசம் ஆகும்."

"அப்படியானால் துணையின்மையையே தூக்கிவிடச் சொல்லுங்கள்."

"தூக்கிட்டா, இந்தக் கரை முழுக்க நிஜமாவே ஆளில்லாம கிடக்கிறவங்க ஒன்பதாயிரம் பேர் பட்டியல்லேருந்து விழுந்துடுவாங்க. அந்த ஒன்பதாயிரம் பேருக்காகத்தான் நீங்க அதை வச்சீங்க. நீங்க எழுதினது தப்புன்னு சொல்றீங்களா?"

தப்பில்லை. இணைப்பைத் துண்டித்தேன்.

கோயில் வாசலில் எண் மறுபடி எழுபத்திரண்டுக்கு ஏறியிருந்தது. என் அணைப்பின் சேதத்தைச் சரிசெய்ய அவர்களுக்கு இருபது நிமிட அடி தேவைப்பட்டிருக்கிறது. அக்காவின் ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. இப்போது அவள் தம்பி மகன் செங்குட்டுவனின் முறை. முப்பது வயது ஆண்பிள்ளை, கையில் உலக்கை. அவளே வலது கையை அம்மியின் மேல் விரித்து வைத்தாள்.

"ஓங்கி அடிடா. என்னாத்துக்கு நடுங்குற? நாலு மணி ஆவப்போவுது."

அவன் அடித்தான். மூன்று விரல்கள் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் ஒருமுறை அலறினாள், அவ்வளவுதான். உலக்கையைப் போட்டுவிட்டு அவன் மண்ணில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். அவள் உடையாத கையால் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"எழுவத்தொண்ணு" என்றாள் எண் வாசிக்கிறவள். ஒன்று குறைந்துவிட்டது.

தில்லைக்கண்ணு என் காதருகே வந்தார். "பாத்தீங்கல்ல. எங்க அடியில அவளுக்குப் பயமே இல்ல. வலிக்குது, ஆனா பயமில்ல. எதுக்கு அடிக்கிறோம்னு தெரிஞ்சி போச்சு. வெட்டினாக்கூட ஏறாது." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க இதுல இல்லன்னு அவ நெனைக்கிறா. நீங்க அடிச்சா ஏறும்."

"நீ மனுஷனாய்யா?" என்றேன்.

"பின்ன எதுக்கு ஒங்களக் கூப்புட்டேன்னு நெனச்சீங்க? மிஷினப் பாக்கவா?"

அவர் முகத்தில் துப்பினேன். நிஜமாகவே துப்பினேன். அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, "மணி மூணே முக்கா" என்றார்.

அவளை அடிப்பதில் பயனில்லை என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். எட்டு மாதம் அவள் வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான். எதற்குப் பயப்படுவாய், எது போனால் தாங்கமாட்டாய் என்று எழுபத்துநான்கு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கியவள். தன் உடம்பைப் பற்றி அவள் ஒரு பதிலும் சொன்னதில்லை. எல்லாப் பதிலும் அந்த மனுஷனைப் பற்றித்தான்.

படகில் சாய்த்து வைத்திருந்த துடுப்பை எடுத்தேன். பந்தலுக்குப் போனேன். காலடிச் சத்தம் கேட்டு ராமஜெயம் அத்தான் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாம்மா தமயந்தி. எப்ப வந்த? சாப்புட்டியா?"

கால்கள்தானே, உணர்ச்சி இல்லையே என்று ஒரு கணக்குப் போட்டேன். இத்தனை நடந்த பிறகும் என் புத்தி கணக்குத்தான் போட்டது. துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி அவர் முழங்காலில் இறக்கினேன். எலும்பு நொறுங்கியது. அவருக்கு வலிக்கவில்லை. தன் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ சின்னப் பிள்ளையிடம் ஏமாந்துவிட்டவர் மாதிரி. நான் மறுபடி ஓங்கி அடித்தேன். கட்டில் சட்டம் ஒடிந்து அவர் மண்ணில் உருண்டார்.

"அய்யோ! அவரையா? தங்கச்சி! அவரையா?" அக்கா எழுந்து ஓடிவந்தாள். நாலுபேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எழுவத்தஞ்சு!"

போதவில்லை. துடுப்பை அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"எட்டு மாசம் மூக்கைப் பொத்திக்கிட்டு உன் வீட்டுல கிடந்தேன்டி. படிப்புக்காக. நீ ஊட்டின கஞ்சியை ஒவ்வொரு தடவையும் கொல்லையில போய் வாந்தி எடுத்தேன். உன் கையில அடிக்கிற மீன் கவிச்சி எனக்கு இன்னும் போகலை. உன்னை அக்கான்னு கூப்பிட்டா நீ அக்காவாயிடுவியா? நீ எனக்கு ஒரு நம்பர். உன் புருஷன் செத்தா அதுவும் ஒரு நம்பர்."

அவள் திமிறுவதை நிறுத்திவிட்டாள். திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் ஒரு அடி எடுத்து அவள் பக்கம் வைத்தேன். அவள் பின்னால் நகர்ந்தாள். பிடித்துக்கொண்டிருந்தவர்களின் மார்போடு ஒட்டிக்கொண்டு, என்னிடமிருந்து நகர்ந்தாள்.

"எம்பத்தொண்ணு!" எண் வாசிக்கிறவள் கூவினாள். "எம்பத்தொண்ணு, எம்பத்தொண்ணு!"

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மணியைப் பார்த்தார்கள். நான்கு அடித்ததும் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. செங்குட்டுவன் மண்ணில் விழுந்து கோயிலைப் பார்த்துக் கும்பிட்டான்.

கஞ்சி வாந்தி எடுத்தது பொய். அந்தக் கஞ்சியைப்போல் ருசியாக இதுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை நான் தேட வேண்டியிருக்கவில்லை. நாக்கில் தயாராக இருந்தன. எங்கிருந்து வந்தன, எத்தனை காலமாக உள்ளே இருந்தன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மேட்டுக்குடியிருப்பின் பெரிய படகு வந்தது. அத்தானைப் பலகையில் கட்டி ஏற்றினார்கள். கூட வந்த நர்ஸ் முழங்காலைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஊர்க்காரர்கள் பலகையின் கயிற்றை இறுக்கினார்கள். அக்காவின் ஒடிந்த விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. ஊரில் ஒருவர்கூட அவளுக்குக் கையசைக்கவில்லை. மேட்டில் தொண்ணூறு நாள் பட்டை கையில் இருக்கும், எழுபதுக்குக் கீழே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தொண்ணூறு நாளைக்கு யாரும் அவளோடு பேச முடியாது. மன்னிப்புக் கேட்க நானும் போகமுடியாது. நிஜத்தைத் தெரிந்துகொண்டால் அவள் நாடி அடங்கிவிடும். தொண்ணூறு நாள் கழித்துச் சொன்னால் நம்புவாளா? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

படகு ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. என்னைத் தாண்டிப் போகவேண்டிய இடத்தில் மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, புருஷன் படுத்திருந்த பலகையின் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தில்லைக்கண்ணு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கை கழுவினேன். துடுப்பின் சிராய் ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது, அதைப் பிடுங்கினேன்.

"ரெண்டு உசுரு டீச்சரம்மா" என்றார்.

"போய்யா" என்றேன்.

அவர் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, மரியாதையாக மணலில் உட்கார்ந்தார். ஊர்ப்பெண்கள் நான்கைந்து பேரும் வந்து அவர் பின்னால் நின்றார்கள். அதில் ஒருத்தி என் டைபாய்டுக்கு வேப்பிலை கொண்டுவந்தவள். பேர்கூட நினைவிருக்கிறது, அஞ்சலாட்சி. இன்னொருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரி, எட்டு மாதம் இருக்கும்.

"தையிக்குள்ள பதினோரு குடும்பம் போயாவணும்" என்றார் தில்லைக்கண்ணு. "நாங்க ஒருத்தர ஒருத்தர் அடிச்சுப் பிரயோசனம் இல்ல. எல்லாருக்கும் வெளங்கிப்போச்சு. இன்னிக்கி நடந்தத வெளிய சொல்ல மாட்டோம். அவுங்கவுங்க வூட்டுக்கு வரும்போது நீங்க அவுங்க எதிர்பாக்காத மாதிரி செய்யணும், அது ஒங்களுக்குத் தெரியும். யாரு எதுக்குப் பயப்படுவான்னு எங்களவிட நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க."

சிராய் ஏறியிருந்த இடத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.

"பதினோரு வூட்டுலயும் நீங்க சாப்புட்டிருக்கீங்க டீச்சரம்மா. எல்லாருக்கும் ஒங்க மேல உசுரு."

அஞ்சலாட்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பு. நான் இன்று செய்ததையெல்லாம் பார்த்த பிறகும், தன் வீட்டுக்கு வரும்போது நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று நினைக்கிற சிரிப்பு.

பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். முதலில் யார் வீடு, எந்தத் தேதி என்று கேட்டேன்.